அப்பளமாம், தகர டப்பாவாம்!

துரைப்பாக்கத்தில் லாரியில் மோதிய அந்தக் காரின் போட்டோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே அதே வசனம்: "அப்பளமா நொறுங்கிருச்சு பாருங்க, எல்லாம் தகர டப்பா." உள்ளே இருந்த நாலு பேரும் தாங்களே இறங்கி நடந்து வந்ததை மட்டும் ஒருத்தரும் அனுப்பவில்லை.

நொறுங்குவதற்காகத்தானய்யா முன்பக்கத்தை அப்படிச் செய்திருக்கிறான்! மெர்சிடிஸ் கார் கம்பெனியில் இன்ஜினியராக இருந்த பேலா பாரெனி 1950களிலேயே சொன்னது இது. முன்னும் பின்னும் மடங்க வேண்டும், நடுவில் ஆள் உட்காரும் கூடு அசையக் கூடாது. 64 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பத்து சென்டிமீட்டருக்குள் நின்றால் உடம்பு தாங்காது. அரை மீட்டர் மடங்கி நின்றால் அந்த அடி ஐந்தில் ஒரு பங்குதான். போட்டோவை இன்னொரு தடவை பாருங்கள். பானெட் இல்லை, ஆனால் கதவு நேராக நிற்கிறது. திறந்தும் இருக்கிறது.

"அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா" என்கிறீர்கள். வராது, சரி. என் பெரியப்பா 1994இல் திண்டிவனம் தாண்டி அப்படியொரு இரும்பு வண்டியைப் புளியமரத்தில் விட்டார். பம்பர் லேசாக வளைந்தது, அவ்வளவுதான். மெக்கானிக் அன்றைக்கே அதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பெரியப்பாவுக்கு ஸ்டியரிங் குத்தி மூன்று விலா எலும்பு போனது. இரண்டு மாதம் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இருமினார். பார்க்க வந்தவர்களோ வண்டியைத் தட்டிப் பார்த்து "இரும்புய்யா" என்றார்கள்.

உடனே "எல்லாப் புது வண்டியும் உசத்தியா?" என்பீர்கள். இல்லையே. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, 2014இல் இங்கே விற்ற ஐந்து சின்ன கார்களை மோதிப் பார்த்தபோது, பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து கார்களுக்கும் பூஜ்யம். சிலவற்றில் கூடே நிலைகுலைந்தது. அதைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். 2023 அக்டோபரிலிருந்து நம்ம நாட்டுக்கே உரிய பாரத் என்கேப் சோதனையும் நட்சத்திரம் கொடுக்கிறது, வாங்கும்போது கேளுங்கள். "ரிப்பேர் செலவு?" என்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

குடும்ப குரூப்பில் இவ்வளவையும் சொன்னதற்கு "நீ என்ன கம்பெனிக்கு வக்கீலா?" என்று கேட்டார் பெரிய மாமா. பதினாறு பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். பெல்ட் போடாவிட்டால் கத்துமே, அந்தச் சத்தத்தை அடக்க வெறும் கொக்கியைத் தனியாக வாங்கிச் சொருகி வைத்திருப்பவர் அவர். ஏர்பேக், பெல்ட் போட்ட ஆளுக்கென்று கணக்குப் போட்டு வைத்தது என்று அவரிடம் யார் சொல்வது? போன தீபாவளிக்கு என் ஆறு வயது மகளை முன் சீட்டில் நிற்கவைத்து, டேஷ்போர்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தி.நகர் வரை கூட்டிப் போனார். பின் சீட்டில்தான் இருந்தேன். மாமாவாச்சே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.