தண்டனையில் மட்டுமா சமம்?

பைபிளில் வரும் மோசேயின் சட்டத்தில், இஸ்ரவேலரிடையே வாழ்ந்த அந்நியனுக்குக் கிடைத்த சமத்துவம் தண்டனையில் மட்டும்தான் என்று அந்தச் சட்டத்தைப் பற்றிய ஒரு கட்டுரையை அதன் ஆசிரியர் முடித்துவிட்டார். பைபிளின் லேவியராகமம் புத்தகத்தின் 24-ஆம் அதிகாரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தேவதூஷணம் சொன்ன, அதாவது கடவுளின் பெயரை இகழ்ந்த, எகிப்தியத் தகப்பனுக்குப் பிறந்தவனின் வழக்கில்தான் அந்நியனுக்கும் இஸ்ரவேலனுக்கும் ஒரே நியாயம் என்று வருகிறது. சரி, அதோடு எண்ணாகமம் 35-ஐயும் படிக்க வேண்டாமா? கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றுவிட்டவன் பழிவாங்குபவனிடமிருந்து தப்பி ஓட ஆறு அடைக்கலப் பட்டணங்கள். அந்த வாசல் இஸ்ரவேலனுக்கு மட்டுமல்ல, பரதேசிக்கும், அதாவது அவர்களிடையே வந்து வாழும் அந்நியனுக்கும், திறந்திருக்கிறது. சொந்தபந்தம் இல்லாத ஊரில் பிழைக்கிறவனுக்கு உயிரைக் காக்கும் சட்டம் இது.

எனக்கு மிகவும் பிடித்தது உபாகமம் 24. கூலிக்காரன் தன் சகோதரனானாலும் பரதேசியானாலும் அன்றன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும். அவன் ஏழை, அந்தக் காசை நம்பியிருக்கிறான் என்று காரணத்தையும் அதே வசனம் சொல்கிறது. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டைத் திரும்பிப் போய் எடுக்காதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்பதும் அங்கேதான். மோவாப் என்ற அந்நிய தேசத்துப் பெண் ரூத் பெத்லகேமில் கதிர் பொறுக்கிப் பிழைத்தது இந்த வழக்கத்தால்தான்.

எல்லாமே சமம் என்று நான் வாதாடவில்லை. அந்நியனிடம் வட்டி வாங்கலாம் என்று உபாகமம் 23 அனுமதிக்கிறது. லேவியராகமம் 25 அந்நியரை நிரந்தர அடிமையாக வைத்துக்கொள்ளவும் விடுகிறது. அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. கட்டுரை இதையும் பேசியிருக்கலாம், கூலியையும் பேசியிருக்கலாம்.