எலியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

பதற்றத்தைக் கேலி செய்து ஒருவர் மேடையில் பேசிய அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக அதுதான் சுற்றுகிறது. "எலியை மேல ஏத்திவிட்டு பயப்படுதான்னு பார்க்கிறதுக்குப் பேரு ஆராய்ச்சியாம்" என்று அவர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. "மனசு பலமா இருந்தா பதற்றம் எங்கிருந்து வரும்?" என்றார். கைதட்டல். சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்தக் கைதட்டலைப் பொறுக்க முடியவில்லை.

பதற்றம் கோழைத்தனம் இல்லை. மூளையில் அதற்கென்று இடம் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது. அவர் கேலி செய்த அந்த எலிதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

அந்தச் சோதனை இதுதான்: கூட்டல் குறி வடிவில், தரையிலிருந்து உயரத்தில் ஒரு பாதை. அதன் இரண்டு கிளைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவெளி. பதற்றமான எலி சுவர் ஓரத்திலேயே ஒண்டிக்கொள்ளும். பதற்றத்தைக் குறைக்கும் டயஸெபம் மருந்தைக் கொடுத்தால் திறந்த பக்கம் போய் எட்டிப் பார்க்கும். அந்த மருந்து 1963-இல் சந்தைக்கு வந்தது. மூளையில் அது எங்கே போய் ஒட்டுகிறது என்பது 1977-இல்தான் தெரிந்தது. காபா என்ற ரசாயனம் நரம்பணுவை அமைதிப்படுத்தும். நரம்பணுவின் மேல் கதவு மாதிரி இருந்து அதை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். அதில்தான் டயஸெபமும் ஒட்டுகிறது. தானாக அது கதவைத் திறப்பதில்லை, காபா அடிக்கடி திறக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஹான்ஸ் மோலர், ஊவே ருடால்ஃப் என்ற ஆராய்ச்சியாளர்களின் குழுவினர் செய்ததைக் கேளுங்கள். ஏற்பி பல துண்டுகள் சேர்ந்தது, அவற்றைத் துணை அலகு என்பார்கள். அப்படி ஒரு துணை அலகில், புரதத்தைக் கட்டும் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றை, அங்கே டயஸெபம் வேலை செய்யாதபடி மாற்றிய எலிகளை உருவாக்கினார்கள். ஆல்ஃபா-1 அலகில் மாற்றினால் மருந்து கொடுத்தும் எலி மந்தமாகவில்லை, ஆனால் பதற்றம் குறைந்தது. இது 1999. அடுத்த வருடம் ஆல்ஃபா-2 அலகில் மாற்றினார்கள். எலி மந்தமானது, பதற்றம் மட்டும் குறையவே இல்லை. ஒரே ஒரு அமினோ அமிலம்! அந்த எலிக்கு மனபலம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா?

எனக்கு முதல் முறை அந்தப் பதற்றம் வந்தபோது படிக்கட்டில் இருந்தேன். கை மரத்தது, மூச்சு ஏறவில்லை, செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அண்ணன்தான் மருத்துவமனைக்கு வண்டியில் கூட்டிப்போனான். இசிஜி நார்மல். "ஒண்ணுமில்லம்மா, தைரியமா இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லையா? அதற்குப் பிறகு ஏழு மாதம் நான் தனியாகப் படியேறவில்லை.

"மாத்திரைக்கு விளம்பரம் பண்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. இந்த வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடும், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. எனக்குப் பெரிதும் உதவியது பேச்சு சிகிச்சைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"எலி வேறு, மனிதன் வேறு." சரி, ஒப்புக்கொள்கிறேன். எலியில் நன்றாக வேலை செய்து மனிதரிடம் தோற்ற மருந்துகள் இருக்கின்றன. ஆனால் 1983-இல் வெளியான ஒரு ஆய்வில், டயஸெபம் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டி எதிர்மாறாக வேலை செய்யும் பொருளைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். சிலருக்குக் கடுமையான பதற்றம் வந்தது. எந்தக் கவலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்த மனிதர்கள் அவர்கள். அவர்களிடம் போய் தைரியமாக இருங்கள் என்று சொல்லிப் பாருங்களேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை எழுதும்போது கை நடுங்குகிறது. மூளையின் இன்னொரு ரசாயனமான செரோடோனினை வாங்கிக்கொள்ளும் 1ஏ என்ற ஏற்பி இல்லாத எலிகள் பதற்றத்தோடே வளரும். வளர்ந்த எலியில் அதை நிறுத்தினால் பெரிய மாற்றம் இல்லை. குட்டியாக இருக்கும்போது இல்லாவிட்டால்தான் ஆயுசுக்கும் பதற்றம். 2002-இல் இதைக் காட்டினார்கள். படித்த அன்று வெகுநேரம் அழுதேன். ஆறு வயதில் என்னை எல்லோரும் கூப்பிட்ட பெயர் "பயந்தாங்கொள்ளி". உறவினர் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பேன், இழுத்துவந்து நடுவில் நிறுத்திச் சிரிப்பார்கள். எலிக்காவது ஒண்டிக்கொள்ளச் சுவரை விட்டுவைத்தார்கள்.

மேடையில் பேசுகிறவர் யாரோ ஒருவர், அவரை எனக்குத் தெரியாது. அந்த வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டது என் அண்ணன். கூடவே நான்கு சிரிப்புப் பொம்மை.

அண்ணா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு வண்டியில் வழியெல்லாம் என் கையை விடாமல் பிடித்திருந்தாய், அதை நான் மறக்கவில்லை. குரூப்பில் பதில் எதுவும் போட வேண்டாம். எனக்கு ஒரு போன் பண்ணு.