பழனிக்கு நடப்பவர்கள் யாருடைய சாலையை மறித்தார்கள்?

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் காருக்குள் அமர்ந்து, பாதயாத்திரை போகிறவர்களை ஹாரன் அடித்து விரட்டிவிட்டு, "வேலை வெட்டி இல்லாத கூட்டம்" என்று அதில் ஒருவர் சொன்னதற்கு என் நட்புப் பட்டியலிலேயே பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருப்பதைப் பார்த்த பிறகு பேசாமலிருக்க முடியவில்லை.

அந்தச் சாலையில் முதலில் நடந்தவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி. தைப்பூசத்துக்காக நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று பழனிக்குப் போவது 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம் என்கிறார்கள். பூசம் முடிந்ததும் பேருந்து ஏறாமல் நடந்தே திரும்புகிறவர்கள் அவர்கள். தார் போடுவதற்கு முன்பே கால் பட்ட வழி அது. புராணத்து இடும்பன் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் காவடியாகத் தோளில் சுமந்து வந்தபோது அவனையும் ஓரமாகப் போகச் சொல்லியிருப்பார்கள் போலும்.

வேலை வெட்டி இல்லாதவர்களாம்! 2013-இல் நத்தத்திலிருந்து நானும் நடந்தேன். என்னுடன் வந்தவர்கள் கொத்தனார்கள், தையல்காரர் ஒருவர், பூ விற்கும் அக்கா ஒருவர். அத்தனை பேரும் அன்றன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். இரண்டாம் நாள் என் பாதம் முழுக்கக் கொப்புளம். அந்த அக்கா ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு நறுக்கினார். நீர் நூல் வழியே கசிந்து வற்றிவிட, மறுநாள் நடந்துவிட்டேன். மாதச் சம்பளத்தோடு விடுப்பும் எடுத்துக்கொண்டு போன ஒரே ஆள் நான்தான்.

குப்பை போடுகிறார்களே என்பீர்கள். போடுகிறார்கள், அன்னதானத் தட்டுகள் சாலையோரம் கிடப்பது எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. நடப்பதற்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்களே என்றும் கேட்பீர்கள். அதன்மேல் வண்டியை நிறுத்துபவர்கள் யார் என்று இறங்கிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். இருட்டில் ஒளிரும் பட்டை இல்லாமல் நடப்பது ஆபத்து என்பதை மட்டும் மறுப்பின்றி ஒப்புக்கொள்கிறேன்.

"இந்தக் காலத்தில் எதற்கு நடக்க வேண்டும்?" என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மலையேற 1966 முதல் விஞ்ச் இருக்கிறது, 2004 முதல் ரோப் காரும் இருக்கிறது. வேண்டியவர்கள் போகட்டும், நான் யாரையும் படியேறச் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாள் நடந்து வந்தவர் பொது வரிசையில் மணிக்கணக்கில் நிற்க, காரில் வந்திறங்கியவர் சிபாரிசுக் கடிதத்தோடு அவரைத் தாண்டிப் போகும்போது, வழியை மறிப்பது யார் என்று எவரும் காணொளி எடுப்பதில்லை. கடைசியாக என் அப்பா அந்த வரிசையில்தான் நின்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு. சரி, அதை இப்போது பேசி என்ன ஆகப்போகிறது?

எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பத்தா வைத்த மோர்ப் பானை, அவர் போன பிறகும் தை மாதம் வெளியே வருகிறது. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோர். சிரித்த அந்தப் பதினேழு பேரில் மூன்று பேர், என்னோடு ஊருக்கு வந்தபோது, அதைச் சொம்புச் சொம்பாகக் குடித்தவர்கள்.