மைக்காவும் எனாமலும் ஒன்றல்ல

"சூடான கண்ணாடி மணியை மைக்கா பொடியிலோ எனாமலிலோ உருட்டினால் போதும், இரண்டும் உருகிச் சேர்ந்துவிடும்" என்று சுடரில் கண்ணாடி மணி செய்வது பற்றிய உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். எனாமலுக்கு இது சரி. எனாமல் என்பதே நிறமேற்றிய கண்ணாடித் தூள்தான், அதனால் மணியோடு உருகி ஒன்றாகிவிடும்.

மைக்கா அப்படியில்லை. அது மெல்லிய கனிமச் செதில். பொடியில் தெரியும் மினுமினுப்பு, செதிலின் மேல் பூசியிருக்கும் டைட்டானியம் டைஆக்சைடு, இரும்பு ஆக்சைடு படலத்திலிருந்து வருவது. மணி செய்யும் சூட்டில் செதில் உருகாது. இளகிய கண்ணாடியின் மேல் ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். ஆறிய மணியை ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், துணியில் மினுக்கம் வரும். நேரடிச் சுடரில் அதிகம் காட்டினாலும் பளபளப்பு மங்கிவிடும். நிலைக்க வேண்டுமென்றால் மேலே தெளிந்த கண்ணாடியைப் போர்த்த வேண்டும். அதிலும் மைக்காவை அள்ளிப் பூசாதீர்கள். தடிமனாக இருந்தால் மேல் கண்ணாடிக்குப் பிடிப்பு கிடைக்காது.

எனாமல் வாங்கும்போது அதன் வெப்ப விரிவு எண் (சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் எண்) உங்கள் கண்ணாடிக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். விரிவு எண் 104 உள்ள கண்ணாடியில் பொருந்தாத எனாமலைத் தடிமனாகப் போட்டால் ஆறும்போது விரிசல் விடும்.

அப்புறம், "முகப்பூச்சில் இருப்பதுதானே, மைக்கா தூசி ஒன்றும் செய்யாது" என்ற வரியை உங்கள் குறிப்பிலிருந்து தயவுசெய்து நீக்குங்கள். தோலில் பூசுவது வேறு, நுரையீரலுக்குள் போவது வேறு. சில எனாமல்களில் ஈயமும் உண்டு. துணி முகமூடி போதாது, நுண்தூசியைத் தடுக்கும் சுவாசக் கவசம் கட்டாயம் வேண்டும்.