ஜூலை 4 அன்று கையெழுத்தானதா?

ஒரு நண்பர், வாஷிங்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கும் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் 56 பேரும் 1776 ஜூலை 4 அன்றே கையெழுத்திட்டார்கள், அதன் பின்பக்கத்தில் ரகசிய வரைபடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபையில் விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது ஜூலை 2. ஜூலை 4-இல் ஏற்கப்பட்டது பிரகடனத்தின் வாசகம் மட்டும். அதை அன்றிரவு ஜான் டன்லப் என்பவரின் அச்சகத்துக்கு அனுப்பினார்கள். நாம் படங்களில் பார்க்கும் தோல்தாள் அப்போது எழுதப்படவே இல்லை. நியூயார்க் பிரதிநிதிகளுக்கு ஜூலை 9 வரை ஒப்புதல் தரும் அதிகாரமே கிடையாது. அது வந்த பிறகு, ஜூலை 19 அன்றுதான் தோல்தாளில் அழகாக எழுதச் சொல்லி உத்தரவு போட்டார்கள். பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. சிலர் அதற்கும் பின்னால்தான் போட்டார்கள். தாளின் தலைப்பிலேயே 'ஜூலை 4' என்று இருப்பதால் இந்தக் குழப்பம் வருவது இயல்புதான்.

அப்புறம் பின்பக்கம். அங்கே வரைபடம் எதுவும் இல்லை. 'மூல விடுதலைப் பிரகடனம், 4 ஜூலை 1776 தேதியிட்டது' என்ற பொருளில் ஒரே ஒரு வரி, அதுவும் தலைகீழாக. அந்தக் காலத்தில் தோல்தாளைச் சுருட்டித்தான் எடுத்துப் போவார்கள். சுருளைப் பிரிக்காமலே அடையாளம் தெரிய எழுதிய குறிப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தாள் ஊர் ஊராக அலைந்த கதையை அந்த ஒரு வரியே சொல்கிறது. எனக்கு அது எந்தப் புதையல் வரைபடத்தையும் விடப் பெரிது.