சர்க்கி தாத்ரி விபத்து: கன்ட்ரோலர் தப்பு பண்ணல
1996 நவம்பர் 12 அன்னிக்கு ஹரியானாவுல சர்க்கி தாத்ரி பக்கத்துல ரெண்டு விமானம் நடுவானத்துல மோதிக்கிட்ட விபத்துக்கு, டெல்லி கன்ட்ரோலர் (தரையில இருந்து விமானங்களுக்கு வழி சொல்றவர்) ரெண்டு ஃபிளைட்டுக்கும் ஒரே உயரம் குடுத்ததுதான் காரணம்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, அது சுத்தப் பொய்ங்க. மேல ஏறின சவூதி விமானத்துக்கு 14,000 அடி, இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடின்னு தெளிவாதான் சொன்னாரு, எதிர்ல 14 மைல்ல ஒரு விமானம் வருதுன்னும் எச்சரிச்சாரு, ஆனா கஜக் விமானம் 14,000-க்கும் கீழ இறங்கிடுச்சு. 349 பேர், ஒருத்தர்கூட பிழைக்கல. விபத்தை விசாரிச்ச நீதிபதி லஹோட்டி கமிஷனும் இதைத்தான் சொல்லுச்சு.

குறை எங்கன்னா, அப்போ டெல்லில இருந்த ரேடார் உயரத்தையே காட்டாது, திரையில வெறும் புள்ளிதான், பைலட் சொல்றத நம்பணும். போற விமானமும் வர்ற விமானமும் ஒரே பாதை வேற. பாவம், அந்த மனுஷன் மேல பழி போடாதீங்க.