சீதக்காதி ஊரிலிருந்து

பிள்ளைகளுக்கு என்ன விட்டுப் போகிறோம் என்று கேட்ட கட்டுரை வீடு, நகை, உயில் என்பதோடு நின்றுவிட்டது. எனக்கு அது போதவில்லை. நான் கீழக்கரை. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாடே சொல்வது, 17ஆம் நூற்றாண்டில் எங்கள் ஊரில் கப்பல் வணிகம் செய்த வள்ளலைத்தான். அந்தக் கப்பல்கள் எல்லாம் எங்கே? உமறுப் புலவரை ஆதரித்தவர் என்பதைத்தான் இன்றும் பேசுகிறோம்.

சரி, இப்படிப் பேர் நிற்க வள்ளலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் என் பெரியம்மா கடல்பாசி எடுக்கப் போனவர். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்குவார், பாசியை அடியோடு பிடுங்காமல் திரும்ப வளரக் கொஞ்சம் விட்டு எடுக்கச் சொல்லித் தருவார், கேட்காத சின்னப் பெண்களுக்குக் கரையேறியதும் நல்ல திட்டு விழும், அப்புறம் தன் பங்கிலிருந்தே ஒரு கை அள்ளி அவர்கள் சாக்கில் போடுவார். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது, சேர்த்து வைத்த காசு என்று ஒன்றுமில்லை. அன்று திட்டு வாங்கிய பெண்கள் இன்று அவர் பேரைச் சொல்லித்தான் தங்கள் மகள்களைத் திருத்துகிறார்கள். கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதினால் இப்படிப்பட்டவர்களிடமும் போய்க் கேட்டு எழுத வேண்டும்.